புரோப் நீடிக்க, ஆசிட் மிச்சமாக: பிஎச் கன்ட்ரோலருக்குப் பயனுள்ள குறிப்புகள்

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைச் சுத்திகரிப்பு பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிற நண்பர்களே, 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் பட்டறைகள் மூடிக் கிடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நொய்யல் ஆற்றுக்கு ஒரு சொட்டுச் சாயத்தண்ணீர் போகக்கூடாது என்று ஆன பிறகு, பேனலில் தெரிகிற பிஎச் எண்ணை நம்பித்தான் ஆசிட் பம்ப், பயாலஜி டேங்க், ஆர்.ஓ. மெம்பிரேன் எல்லாமே ஓடுகின்றன. அந்த எண் சரியாக இருந்தால் ஆசிட் மிச்சம், புரோப் மிச்சம், ராத்திரித் தூக்கமும் மிச்சம். புது கன்ட்ரோலரை ஓட விடும்போதும் காலிபிரேஷன் செய்யும்போதும் கைகொடுக்கிற சின்னச் சின்ன விஷயங்கள் இதோ.

1. புது புரோபின் மூடியைக் கழற்றியதும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கவலை வேண்டாம். பொட்டாசியம் குளோரைடு கசிந்து காய்ந்ததுதான் அது. தண்ணீரில் அலசினால் போய்விடும். மூடிக்குள் ஈரமே இல்லாமல் வறண்டிருந்தால் மட்டும் ஒரு ராத்திரி ஊறவைத்துவிட்டு மாட்டுங்கள்.

2. ஊறவைக்கும் கரைசலைக் காசு கொடுத்துக் குட்டிப் பாட்டிலில் வாங்க வேண்டியதில்லை. லேப் தரப் பொட்டாசியம் குளோரைடு 22.4 கிராம் எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து 100 மில்லி ஆக்கினால் 3 மோலார் கரைசல் தயார். ஒரு டப்பா உப்பு வாங்கினால் ரொம்ப நாளைக்கு வரும்.

3. டிஸ்டில்டு வாட்டர் சுத்தமானது என்று புரோபை அதில் போட்டு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் உப்பை அது இழுத்துவிடும், புரோப் சீக்கிரமே தளர்ந்துவிடும். கரைசல் தீர்ந்துபோன அவசரத்துக்கு பிஎச் 4 பஃபரில் வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரே மேல்.

4. கண்ணாடிக் குமிழுக்குள் காற்றுக்குமிழி நின்றால் எண் ஒரு நிலையில் நிற்காது. காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டரை உதறுவது போல, கண்ணாடி கீழே இருக்கும்படி பிடித்து இரண்டு உதறு உதறுங்கள்.

5. அதே காரணத்துக்காக, பைப்பில் புரோபைப் படுக்கையாக மாட்டக்கூடாது. கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 15 டிகிரியாவது தலை தூக்கி, கண்ணாடி கீழ்நோக்கி இருக்கட்டும். பிட்டர் எல்போ போடும்போதே பக்கத்தில் நின்று சொல்லிவிட்டால், பிறகு வெட்டி ஒட்டுகிற செலவு இல்லை.

6. பம்ப் நின்றதும் பைப் காலியாகிவிடும் இடத்தில் புரோப் வேண்டவே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் பைப்பை அந்த இடத்தில் யூ வடிவத்தில் வளைத்து, புரோபைச் சுற்றி எப்போதும் தண்ணீர் தேங்கும்படி செய்யுங்கள். ஆசிட் விழும் வாய்க்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். நன்றாகக் கலந்த தண்ணீர்தான் புரோபைத் தொட வேண்டும்.

7. கேபிளை வெட்டி டெர்மினலில் சொருகுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நடுக் கம்பியின் பிளாஸ்டிக் உறைக்கு மேலே கறுப்பாக ஒரு மெல்லிய படலம் இருக்கும். பார்க்க இன்சுலேஷன் மாதிரியே இருந்தாலும் அது மின்சாரம் கடத்தும். அதை நகத்தால் உரித்து முழுதாக எடுத்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். அது நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருந்தால், எந்தத் தண்ணீரில் வைத்தாலும் பேனல் 7 என்றே காட்டிக்கொண்டிருக்கும். நல்ல புரோபைக் கெட்டதென்று எறிந்துவிட்டு, புதுசு வாங்கியும் அதே 7 வருவது இப்படித்தான்.

8. புரோபின் சிக்னல் மிக மெல்லியது. ஜங்ஷன் பாக்ஸில் கொஞ்சம் ஈரம் இறங்கினாலே எண் அலைபாயும். பனியன் கார்ட்டனில் போடும் சிலிக்கா ஜெல் பாக்கெட் நம் ஊரில் எங்கும் கிடைக்கும். இரண்டு எடுத்துப் பாக்ஸுக்குள் போட்டு மூடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் பழையதை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் போதும்.

9. புரோப் கேபிளை மோட்டார் கேபிளோடு சேர்த்து ஒரே டிரேயில் கட்டாதீர்கள், முக்கியமாக வி.எஃப்.டி. இருந்தால். கேபிள் எட்டவில்லை என்று நடுவில் முறுக்கி டேப் சுற்றுவதும் கூடாது. நீளக் கேபிளோடு வரும் புரோபை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

10. கோளாறு புரோபிலா, கன்ட்ரோலரிலா என்று ஒரு துண்டுக் கம்பியை வைத்தே கண்டுபிடிக்கலாம். புரோப் வயரைக் கழற்றிவிட்டு, கண்ணாடி டெர்மினலையும் ரெஃபரன்ஸ் டெர்மினலையும் அந்தக் கம்பியால் இணையுங்கள். எண் 7-ஐ ஒட்டி வந்து அசையாமல் நின்றால் கன்ட்ரோலரின் மேல் பழி போட வேண்டாம். புரோபையும் கேபிளையும் பாருங்கள். சர்வீஸ்காரரைக் கூப்பிடும் முன் இதைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

11. வெப்பநிலை சம்பந்தமே இல்லாமல் காட்டினால் சென்ஸார் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மெனுவில் பிடி 100 என்று இருக்கிறதா, பிடி 1000 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சரியாக மாற்றினால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

12. முதல் முறை ஓட விடும்போது ஆசிட் டேங்கில் ஆசிட் ஊற்றாமல் வெறும் தண்ணீர் ஊற்றி டோசிங் பம்பை ஓட்டுங்கள். கசிவு, தளர்ந்த கிளாம்ப், தலைகீழாக மாட்டிய வால்வு எல்லாம் தண்ணீரிலேயே தெரிந்துவிடும். முகத்தில் தெறித்தாலும் துடைத்துக்கொண்டு போகலாம்.

13. எந்த பம்ப் எப்போது ஓட வேண்டும் என்பதைப் பஃபரை வைத்தே சோதிக்கலாம். ஆசிட், காஸ்டிக் வால்வுகளை மூடி, பம்ப் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, புரோபை 9.2 பஃபரில் விடுங்கள். ஆசிட் ரிலேயின் விளக்கு எரிய வேண்டும். பிறகு 4 பஃபர். இப்போது காஸ்டிக் விளக்கு. மாறி எரிந்தால் வயரிங்கோ மெனுவோ தலைகீழ். காரத் தண்ணீரில் காஸ்டிக் மேலும் மேலும் கொட்டி, பயாலஜி டேங்கில் நாம் வளர்த்த பாக்டீரியா மொத்தமும் செத்துப்போகாமல் இந்த ரெண்டு நிமிஷ வேலை காப்பாற்றும்.

14. முதலில் மிக்ஸர், பிறகு தண்ணீர், கடைசியில் ஆட்டோ. கலக்காத டேங்கில் ஆட்டோ போட்டால், ஆசிட் ஒரு மூலையிலும் புரோப் இன்னொரு மூலையிலும் இருக்கும்.

15. காலிபிரேஷனுக்காகப் புரோபை வெளியே எடுக்கும் முன் ஹோல்டு பட்டனை அழுத்த மறக்காதீர்கள். இல்லையென்றால் கையில் இருக்கும் 9.2 பஃபரைப் பார்த்து பம்ப் டேங்கில் ஆசிட்டைக் கொட்டும். முடித்து, புரோப் தண்ணீருக்குள் போய் எண் நிலைத்த பிறகுதான் ஹோல்டை எடுக்க வேண்டும்.

16. காலிபிரேஷனை எப்போதும் 7-இல் தொடங்குங்கள். ரியாக்டிவ் சாயத்தண்ணீர் காரமாகவே வரும் என்பதால் நமக்கு இரண்டாவது பஃபர் 9.2 தான் பொருத்தம். ஆர்.ஓ.வுக்கு முன்னால் ஆசிட் போட்டு இறக்கிய தண்ணீருக்கு 7-உம் 4-உம் எடுத்துக்கொள்ளுங்கள்.

17. பெரிய பீக்கரில் பஃபரை ஊற்றுவது வீண். புரோப் நுழைகிற அகலத்தில், நெட்டையாக ஒரு பழைய மாத்திரை டப்பா போதும். கண்ணாடியும் அதன் பக்கத்தில் இருக்கும் ஜங்ஷனும் மூழ்கினால் சரி. மூடியில் புரோப் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டால், பேனல் முன்னால் ஒரு கையால் பட்டன் அழுத்தும்போது சிந்தாது.

18. உபயோகித்த பஃபரைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். அன்றே அடுத்த புரோபையும் காலிபிரேட் செய்வதாக இருந்தால், அதை முதல் அலசலுக்கு வைத்துக்கொண்டு பிறகு கொட்டுங்கள்.

19. 9.2 பஃபர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்ல இறங்கிவிடும். அதைச் சின்னப் பாட்டிலாக வாங்கி, திறந்த தேதியை மூடியிலேயே எழுதி, உபயோகித்ததும் இறுக்கி மூடுங்கள். தண்ணீரில் கரைக்கும் மாத்திரையாகவோ பொடியாகவோ வாங்கினால் தேவைக்குத் தேவை புதுசாகக் கரைத்துக்கொள்ளலாம், விலையும் குறைவு.

20. 9.2 பஃபர் 25 டிகிரியில் 9.18. நம் ஊர்ச் சூட்டில் 30 டிகிரிக்கு 9.14, 35 டிகிரிக்கு 9.10 என்று இறங்கும். கன்ட்ரோலரே பஃபர் அட்டவணை வைத்திருந்தால் அது பார்த்துக்கொள்ளும். நாம் கையால் எண்ணைப் போடுகிற மாடல் என்றால், அன்றைய சூட்டுக்கு உரிய எண்ணைத்தான் போட வேண்டும். வெயில் படுகிற பேனல் மேலே பஃபர் பாட்டிலை வைக்காதீர்கள்.

21. பஃபர் மாற்றும்போது கண்ணாடியைத் துணியால் தேய்த்தால் ஸ்டாட்டிக் ஏறி எண் ஆடும், கீறலும் விழும். அலசிவிட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். டிஷ்யூவும் இல்லையென்றால் அடுத்த பஃபரில் கொஞ்சம் எடுத்து அலசிவிட்டால் போதும்.

22. எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்தாதீர்கள். நல்ல புரோப் ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். மூன்று நிமிஷம் ஆகியும் நகர்ந்துகொண்டே இருந்தால், காலிபிரேஷனை நிறுத்திவிட்டுப் புரோபைக் கழுவப் போங்கள்.

23. புரோபின் ஆயுளை மில்லிவோல்ட் கணக்கில் நாமே பார்த்துவிடலாம். 7 பஃபரில் மில்லிவோல்ட் எவ்வளவு, 4 பஃபரில் எவ்வளவு என்று குறித்து, வித்தியாசத்தை 3-ஆல் வகுங்கள். 25 டிகிரியில் 59 வந்தால் அருமை. 30 டிகிரியில் 60 வர வேண்டும். உதாரணமாக 7-இல் மைனஸ் 8, 4-இல் பிளஸ் 166 என்றால் வித்தியாசம் 174, ஸ்லோப் 58. இன்னும் நன்றாக உழைக்கும். கழுவிய பிறகும் 51-க்குக் கீழே நின்றால் புதுசு வாங்குகிற நேரம் வந்துவிட்டது. 7 பஃபரில் எண் பூஜ்ஜியத்திலிருந்து 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினாலும் ஜாக்கிரதை, ரெஃபரன்ஸ் பக்கம் தளர்கிறது.

24. எல்லாக் குறிப்பிலும் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்: முதலில் பாருங்கள், பிறகு மாற்றுங்கள். வாரா வாரம் காலிபிரேஷன் என்று அட்டவணை போட்டிருந்தாலும், புரோபைக் கழுவி 7 பஃபரிலும் இரண்டாவது பஃபரிலும் வைத்து, இரண்டிலும் 0.1-க்குள் காட்டினால் எந்தப் பட்டனையும் தொடாமல் திரும்ப மாட்டிவிடுங்கள். அழுக்குப் புரோபை அவசரமாகக் காலிபிரேட் செய்தால், அந்த அழுக்கையே சரியான கணக்காகக் கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். மறுநாள் அழுக்கு தானாகக் கழுவப்பட்டதும் எண் தப்பாகிவிடும். திரும்பத் திரும்ப முறுக்குகிற கை ஓய்ந்தாலே பல பிளான்ட்டில் ஆசிட் செலவு அடங்கிவிடும்.

25. சாம்பிள் எடுத்துக் கை மீட்டரில் பார்த்து ஒப்பிடும்போது, சாம்பிள் எடுத்த அதே நொடியில் பேனல் என்ன காட்டியது என்று எழுதுங்கள். லேபுக்கு நடந்துபோய் வருவதற்குள் டேங்க் மாறியிருக்கும். காரத் தண்ணீர் ஆறினால் பிஎச் கொஞ்சம் ஏறும் என்பதால், கை மீட்டரை டேங்க் பக்கத்துக்கே எடுத்துப் போவது நல்லது. வெப்ப ஈடு என்பது புரோபின் கணக்கைத்தான் சரிசெய்யும், தண்ணீரின் இந்த மாற்றத்தை அல்ல.

26. எல்லாப் பஃபரிலும் ஒரே எண் என்றால் கண்ணாடி விரிசல் அல்லது ஷார்ட். எண் சரியாக வந்தும் ரொம்ப மெதுவாக வந்தால் அழுக்கு. ஒரே திசையில் நாள்பட நகர்ந்துகொண்டே போனால் ரெஃபரன்ஸ்.

27. எண்ணெய், சாஃப்ட்னர் பிசுக்குக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ரெண்டு சொட்டும், குழந்தைகளுக்கான மெல்லிய டூத்பிரஷும் போதும். ஸ்க்ரப்பர், பிளேடு பக்கத்திலேயே வரக்கூடாது.

28. வெள்ளைப் படிவத்துக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட். 30, 33 சதவீத ஆசிட்டில் 10 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டால் பதம் சரி. அதில் ஐந்து நிமிஷம் வையுங்கள். எடுத்ததும் உடனே காலிபிரேட் செய்யாமல், நன்றாக அலசி, பொட்டாசியம் குளோரைடில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள்.

29. சல்ஃபர் பிளாக் ஓட்டுகிற பட்டறை என்றால் சோடியம் சல்ஃபைடு தண்ணீரில் வரும். சாதாரண ரெஃபரன்ஸை அது கறுக்க வைத்து அடைத்துவிடும். டபுள் ஜங்ஷன் புரோப் கொஞ்சம் விலை கூடினாலும் அங்கே அதுதான் சிக்கனம். இதைவிட முக்கியம்: சல்ஃபைடு உள்ள தண்ணீரில் ஆசிட் விழுந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், ஆளையே கொல்லும். அதிகமானால் மூக்கு மரத்து வாசனையே தெரியாது என்பதால், அழுகின முட்டை நாற்றம் நின்றுவிட்டதே என்று டேங்க் பக்கம் குனியாதீர்கள். அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, சல்ஃபைடை ஆக்ஸிஜனேற்றம் செய்து தீர்த்த பிறகே ஆசிட் பக்கம் விட வேண்டும்.

30. ஹைப்போ கேனும் ஆசிட் கேனும் ஒரே மேடையில் வேண்டாம், கலந்தால் குளோரின். கேன் மூடிகளுக்கு வேறு வேறு நிறப் பெயின்ட் அடித்துவிட்டால் ராத்திரி ஷிப்டிலும் மாறாது.

31. பஃபரில் சரியாகக் காட்டுகிற புரோப் டேங்கில் மட்டும் தப்பாகக் காட்டுகிறதா? அதே டேங்க் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் மொண்டு, தரையில் வைத்து, புரோபை அதில் விட்டுப் பாருங்கள். வாளியில் ஒரு எண், டேங்கில் வேறு எண் என்றால் கோளாறு புரோபில் இல்லை. தண்ணீர் வழியாக எங்கிருந்தோ மின்கசிவு வருகிறது. சப்மெர்சிபிள் பம்பையும் எர்த்தையும் எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

32. காஸ்டிக் வடிசல் மாதிரிப் பிஎச் 12-க்கு மேல் போகிற தண்ணீரில், சோடியம் மிகுதியால் சாதாரணக் கண்ணாடி கொஞ்சம் குறைத்தே காட்டும். அந்த இடத்துக்கு அதிகக் காரம் தாங்கும் கண்ணாடி என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

33. ஆசிட் ஓடத் தொடங்கி, எண் அசைய எவ்வளவு நேரமாகிறது என்று மொபைல் ஸ்டாப்வாட்ச்சில் ஒருமுறை பாருங்கள். பம்ப் கொஞ்சம் ஓடி, அந்த நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்து, மறுபடி ஓடுமாறு ஆன், ஆஃப் நேரங்களை வைத்துவிடுங்கள். காத்திருக்கத் தெரியாத பம்ப்தான் 9-இலிருந்து 4-க்குத் தள்ளிவிடும்.

34. சோடா ஆஷ் தண்ணீரின் குணம் தெரிந்தால் ஆசிட் மிச்சம். பிஎச் 10-ஐ ஒட்டி அது ஆசிட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், எண் லேசில் இறங்காது, 8-ஐ ஒட்டி வந்ததும் சட்டென்று சரியும், 6.5-ஐ ஒட்டி மறுபடி மந்தமாகிவிடும். அதோடு, ஆசிட் பட்டதும் நுரைத்துக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால், கொஞ்ச நேரத்தில் பிஎச் தானாகவே சற்று ஏறும். ஏறிவிட்டதே என்று காஸ்டிக்கும், இறங்கிவிட்டதே என்று ஆசிட்டும் மாறி மாறிப் போட்டால் இரண்டு பில்லும் நமக்குத்தான்.

35. அதனால் இரண்டு செட்பாயின்ட்டுக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி விடுங்கள். ஆசிட் 8.2-இல் தொடங்கி 7.8-இல் நிற்கட்டும், காஸ்டிக் 6.8-இல் தொடங்கி 7.2-இல் நிற்கட்டும். நடுவில் இருக்கிற இடத்தில் எந்த பம்பும் ஓட வேண்டியதில்லை.

36. ஓவர்ஃபீட் டைமரைக் கட்டாயம் வையுங்கள். பம்ப் இவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடியும் எண் மாறவில்லை என்றால், நின்று அலாரம் அடிக்க வேண்டும். புரோப் செத்துக் கிடந்தாலும் ஒரு டேங்க் ஆசிட் முழுதும் காலியாகாது.

37. அடர்ந்த சல்ஃபியூரிக் ஆசிட்டை அப்படியே டோஸ் பண்ணினால் ஒரு ஸ்ட்ரோக்கிலேயே எண் குதிக்கும். நீர்த்துப் போடுங்கள், தண்ணீரில்தான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

38. சமன்படுத்தும் டேங்கை முழுசாக உபயோகித்தால் ஆசிட்டுக்கு வேலை குறைந்துவிடும். பிளீச்சிங் காரமும், நியூட்ரலைசிங்குக்குப் போட்ட அசிட்டிக் ஆசிட்டும் அங்கே கலந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். அடியில் சேறு தங்கி டேங்க் குறுகிப்போகாமல் அவ்வப்போது வாரி எடுங்கள்.

39. பேனலில் ஒரு எண், கம்ப்யூட்டரில் வேறு எண் என்றால் இரண்டிலும் ரேஞ்ச் ஒன்றுதானா என்று பாருங்கள். 0 முதல் 14 வரை வைத்தால் பிஎச் 7-க்கு 12 மில்லிஆம்பியர் வர வேண்டும். மல்டிமீட்டரை வைத்தால் ஒரே நிமிஷத்தில் யார் சொல்வது தப்பு என்று தெரிந்துவிடும்.

40. புரோப் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆறு, ஏழு வாங்கி அடுக்காதீர்கள். அலமாரியில் இருந்தாலும் அது வயதாகிக்கொண்டுதான் இருக்கும். ஒரே ஒரு ஸ்பேர், அதே மாடலில், மூடிக்குள் ஈரம் காயாமல் இருந்தால் போதும்.

41. ஸ்லோப், ஆஃப்செட் (7 பஃபரில் வரும் மில்லிவோல்ட்), கழுவிய தேதி மூன்றையும் பேனல் பக்கத்தில் தொங்கும் மாத காலண்டர் கட்டத்திலேயே எழுதுங்கள். நோட்டுப் புத்தகம் ஆபீஸுக்குப் போய்விடும், காலண்டர் போகாது. ஸ்லோப் 58, 57, 55 என்று இறங்குவது கண்ணில் பட்டால், பழுதாகும் முன்பே ஆர்டர் போட்டுவிடலாம்.

42. சட்டைப் பையில் ஒரு பிஎச் பேப்பர் கட்டு இருக்கட்டும். பேனல் 7 என்று சொல்லும்போது பேப்பர் நீலமாக மாறினால், எதை நம்புவது என்று யோசிக்காமல் ஆட்டோவை நிறுத்துங்கள்.

43. கரண்ட் போய் வந்ததும் கன்ட்ரோலர் ஆட்டோவில்தான் இருக்கிறதா, ஹோல்டில் நிற்கிறதா, மேனுவலுக்குப் போய்விட்டதா என்று ஒரு பார்வை பாருங்கள். மிக்ஸர் திரும்ப ஓடவில்லை என்றால் டோசிங்கும் ஓடாதபடி இண்டர்லாக் போட்டு வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

44. தீபாவளி, பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குக் கிளம்பும்போது புரோபை டேங்கில் விட்டுப் போகாதீர்கள். தண்ணீர் இறங்கிக் காய்ந்துவிடும். கழற்றி, கழுவி, மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு ஊற்றி மாட்டி, கேபிள் முனையைப் பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். ஆசிட் வால்வை மூடி, பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் 7 பஃபரிலும் இரண்டாவது பஃபரிலும் ஒருமுறை பார்த்துவிட்டு ஆட்டோ போடலாம்.